உறை கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். என் தம்பிக்கு இந்த நோய் வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இதைப் பற்றித் தமிழில் நாலு வரி வந்தாலும் கத்தரித்து வைப்பவள் நான். கட்டுரை எழுதியவருக்கு நன்றி. ஆனால் நரம்பிழைகளின் மயலின் உறை சிதைவதுதான் நோய்க்குக் காரணம் என்றும், அதை ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்றும் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும்.

இதழ் வந்த நாலாம் நாள், எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மகன் ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். "டீச்சர், தோட்டை அடகு வச்சு எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம்னு இருக்கேன். உறை கிழிஞ்சிருக்கான்னு தெரிஞ்சுடும்ல? கிழிஞ்சுதான் போச்சுன்னா மாத்திரை எதுக்கு?" என்றார். அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குப் பகீரென்றது. மாத்திரையை நிறுத்திய வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். மயலின் என்பது நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை. மூளையில் அதைச் சுற்றுபவை ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள். ஒரே செல் பல இழைகளுக்குக் கைநீட்டி உறை போடும். உறையில்லாத இழையில் செய்தி நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் நகரும். தடித்த உறையுள்ள இழையில் நூறு மீட்டர்கூடப் பாயும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் இந்த உறை போடும் வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. நோய் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பருவத்தை ஒட்டித்தான். தம்பிக்கு வந்தபோது வயது பத்தொன்பது, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.

ஆகவே மயலின்மேல் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் வந்ததில் நியாயம் இருக்கிறது. இந்நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவில் மயலின் சார்ந்த சில மரபணுக்களின் செயல்பாடு குறைந்திருந்ததாக 2001இல் ஓர் ஆய்வு வந்தது. மாஸ்கோவில் நடாலியா உரானோவாவின் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்தத் துணைச் செல்களிலும் உறையிலும் சேதம் தெரிந்தது. 2018இல் பல நாட்டு ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து, 1,963 நோயாளிகளை நோயற்ற 2,359 பேரோடு ஒப்பிட்டார்கள். உறையுள்ள இழைகள் நிறைந்த மூளையின் வெண்பொருளில் பரவலாக வேறுபாடு தெரிந்தது.

ஆனால் அது சராசரியில் தெரிந்த வேறுபாடு. நோயுள்ள பலரின் அளவும் நோயில்லாத பலரின் அளவும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஸ்கேன் அளப்பதும் மயலினை நேராக அல்ல, இழைகளின் வழியே நீர் நகரும் விதத்தை. ஒரு தனி மனிதரின் படத்தைப் பார்த்து "இவருக்கு மனச்சிதைவு" என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி போன்ற வேறு கோளாறு இருக்குமோ என்று மருத்துவர் எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம். காரணம் எது, விளைவு எது என்பதும் முடிவாகவில்லை. 2016இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, நரம்புச் செல்களின் இணைப்புகள் அளவுக்கு மீறிக் களையெடுக்கப்படுவதைச் சுட்டியது. இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கின்றன. உறையை ஒட்டுவதற்காகக் கொடுப்பவை அல்ல, ஆனாலும் பலருக்குப் பலன் தருகின்றன. என் தம்பி அதற்குச் சாட்சி.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தேன். பிள்ளையின் நோய்க்குத் தாயின் வளர்ப்பையே குற்றம் சொல்லும் கருத்து மேல்நாட்டு மருத்துவர்களிடம் பல காலம் இருந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் அப்படிப்பட்ட தாய்க்கு ஒரு பெயரே வைத்தார். அந்தப் பெயரை என் அம்மா கேட்டதேயில்லை. முதன்முதலில் காட்டிய மருத்துவர், "ரொம்பச் செல்லம் கொடுத்துட்டீங்க" என்று சொன்னது போதுமானதாக இருந்தது. "பத்தாவதுல மார்க் குறைஞ்சப்ப அடிச்சேனே, அதனாலயாடி?" என்று அம்மா சாகும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். செல்லம் கொடுத்தாலும் தப்பு, அடித்தாலும் தப்பு! மூளையின் செல்கள் வரை போகும் விஷயம் இது என்று அன்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால், அவர் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பார்.

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: இந்த ஸ்கேனுக்காகக் கடன் வாங்க வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் தம்பியிடம் கேட்டேன். சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "அம்மா விஷயத்தை எடுத்துடாதக்கா. பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மன்னார்குடி