மணி ‘ஆஃப்’ ஆனால் ஓட வேண்டும்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று சொல். நீ தேர்வுக்காக ஆங்கில எதிர்ச்சொற்களைப் பக்கம் பக்கமாக உருப்போடுகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். அதைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாட்டுக்குக் கோல்ட், அப்புக்கு டவுன், இதெல்லாம் சரி. ஆனால் தனக்குத் தானே எதிர்ச்சொல்லாக நிற்கும் சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. நான் கற்றுக்கொண்டது இங்கே, கப்பல் பட்டறையில்.

வந்து 2 மாதம்கூட ஆகவில்லை. கப்பலின் அடித்தொட்டிக்குள் கிரைண்டிங் வேலை. காதில் அடைப்பான், வெளியே என்ன நடந்தாலும் கேட்காது. தொட்டி வாயிலிருந்து ஒருவர் டார்ச் அடித்து என்னை நிமிர வைத்து, ‘அலாரம் வென்ட் ஆஃப்’ என்று கத்தினார். எனக்குத் தெரிந்த ஆஃப் எல்லாம் லைட் ஆஃப், ஃபேன் ஆஃப். அலாரம் நின்றுவிட்டது, பயமில்லை என்கிறார் போல என்று தலையாட்டிவிட்டு மறுபடி வேலையில் குனிந்துவிட்டேன். அறந்தாங்கிக்கார அண்ணன் ஒருவர் இறங்கி வந்து, “டேய், மணி அடிக்குதுடா, ஏறு!” என்று கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அங்கேயே இருந்திருப்பேன். மேல் தளத்தில் கொஞ்சம் புகை, அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்துவிட்டது. மணி ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது. வெடி வெடித்தாலும் அதே சொல்தான். அடைபட்டுக் கிடந்தது சட்டென்று கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள், பிடிபடும். எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்பதுதான் அர்த்தத்தைத் திருப்பிவிடுகிறது. அதனால் தனிச்சொல்லாக எதையும் உருப்போடாதே. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதிப் பழகு.

அப்புறம் ‘ஃபாஸ்ட்’. கயிற்றைக் கையில் கொடுத்து ‘மேக் ஃபாஸ்ட்’ என்றால், சீக்கிரம் போ என்று நினைத்து நான் ஓடினேன். இறுகக் கட்டு என்பதுதான் கப்பல்காரர்கள் பேச்சில் அதற்குப் பொருள். ஒரே சொல் ஓடு என்றும் சொல்கிறது, அசையாதே என்றும் சொல்கிறது! அடுத்த லீவில் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் அது உறுதியைத்தான் குறித்ததாம். உறுதியாகப் பிடிப்பது, விடாப்பிடியாக ஓடுவது, பிறகு வேகமாக ஓடுவது என்று மெல்ல மெல்ல நகர்ந்திருக்கிறது. நோன்புக்கும் ஃபாஸ்ட் என்கிறார்களே, அதுவும் உறுதியாகக் கடைப்பிடிப்பது என்ற அந்த வேரிலிருந்து வந்ததுதான். நம் அப்பத்தா சஷ்டிக்குத் தண்ணீரோடு இருப்பது நினைவுக்கு வந்தது. அகராதிமேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

உன் தேர்வில் ‘சாங்ஷன்’ வரலாம், பார்த்துக்கொள். கடன் சாங்ஷன் ஆனது என்றால் அனுமதி. ஒரு நாட்டின்மேல் சாங்ஷன் போட்டார்கள் என்றால் தடை. ‘ஓவர்சைட்’ மேற்பார்வையும் ஆகும், கவனிக்காமல் விட்ட தவறும் ஆகும். ‘டஸ்ட்’ தூசியைத் தட்டுவது, பொடியைத் தூவுவது இரண்டும். ‘கிளீவ்’ பிளப்பதையும் சொல்லும், ஒட்டிக்கொள்வதையும் சொல்லும். பழைய காலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள், பின்னால் ஒரே வடிவத்தில் வந்து விழுந்துவிட்டன. இப்படிப்பட்ட சொற்களை ஜானஸ் சொற்கள் என்பார்கள். ஜானஸ் ரோமானியர்களின் வாசல் தெய்வம், முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகம் அவருக்கு.

ஆங்கிலத்துக்கு மட்டும்தான் இந்தக் குணம் என்று நினைத்துவிடாதே. என்னோடு வேலை செய்யும் சீனத் தாத்தா ஒருவர், கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் தங்கள் மொழியில் ‘ஜியே’ என்ற ஒரே சொல்தான் என்றார். அவர் நம் மொழியைப் பற்றிக் கேட்டபோது யோசித்தேன். பிள்ளையை அணைக்கிறோம், விளக்கையும் அணைக்கிறோம். வீட்டுக் குப்பையைப் பெருக்கித் தள்ளுகிறோம், கணக்கில் பெருக்கினால் கூடுகிறது. கறுப்பாக இருந்தாலும் அதை வெள்ளாடு என்றுதானே கூப்பிடுகிறோம்? மங்கலமாகச் சொல்வது என்று நன்னூலில் படித்தது நினைவிருக்கிறதா? அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். இந்த ஊரில் நம் தமிழும் ஆட்சிமொழி. பட்டறை வாசலில் ‘அபாயம்’ என்று நம் எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குத் தெம்பாக இருக்கும். அன்று இன்னும் கூடுதலாக இருந்தது.

அப்பத்தா விளக்கை ‘அணை’ என்று சொல்லவிடமாட்டார், ‘குளிர வை’ என்பார். பானையில் அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்பார். இன்னும் என்னென்ன சொல்வார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி அனுப்பு. அந்தச் சீனத் தாத்தாவுக்கும் காட்ட வேண்டும்.

உன் அண்ணன்