செந்தூல் ஆலய மண்டபச் சமையற்கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்குத் திருப்பணிக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

மண்டபத்தின் பின்புறச் சமையற்கூட வேலை முடிந்துவிட்டது. சனிக்கிழமை மதிய உணவு இனி பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த புதிய வாசலில் வழங்கப்படும். ஆலயத்தின் முகப்பில் ஒன்றும் மாறவில்லையே என்று சிலர் கேட்டீர்கள். வந்த காணிக்கை முழுவதும் சமைக்கிறவர்களுக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் என்றே செலவாகியிருக்கிறது. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் மேற்செலவுக்கும் பொறுப்பேற்றான். நாமும் ஓராண்டுப் பராமரிப்புக்குப் பணம் தனியே ஒதுக்கிவிட்டோம். வரவு செலவு விவரம் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

புதிய வாசற்படி வெளித்தரையைவிட 15 சென்டிமீட்டர் உயரம். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏற 1க்கு 12 என்ற சரிவு வேண்டும் என்பதால் சாய்தளம் 180 சென்டிமீட்டர் நீளம். முதலில் பதித்த பளபளப்பு ஓடு மாலை மழையில் வழுக்கியது. அதைப் பெயர்த்துவிட்டு சிமெண்டு பூசி, ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே வரி இழுத்திருக்கிறோம். கைப்பிடி இரு பக்கமும் உண்டு.

அதிகத் தொல்லை கொடுத்தது கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிதான். அதில் மூன்று அறைகள். முதல் அறையின் சல்லடை சோற்றுப் பருக்கையைப் பிடிக்கும். நடு அறையில் தண்ணீர் ஆறி எண்ணெய் மேலே மிதக்கும். ஆகவே வெளியேறும் குழாய் அடித் தண்ணீரை எடுக்கவேண்டும். வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர் குழாயை மேல்மட்டத்தில் நேராகப் பொருத்தியிருந்தார்; மிதந்த எண்ணெய்தான் முதலில் வெளியே போனது. பக்கத்துக் கடையின் வாசல் கால்வாயில் மெழுகு போல வெள்ளைக் கட்டிகள் நின்றன. அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, கால்வாயை நாமே வழித்தோம். அண்டை வீட்டாருக்காகக் கட்டிய அடுப்படி அண்டை வாசலை அசுத்தப்படுத்துவது எந்த விதத்திலும் நியாயமில்லை. இப்போது டி வடிவ இணைப்பின் கீழ்வாய் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. தொட்டியில் கொதிநீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் உருகித் தொட்டியைத் தாண்டிப்போய்க் கால்வாயில் உறைந்துவிடும். எண்ணெயும் அடிமண்டியும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு ஆவதற்குள் வழித்தெடுக்க வேண்டும்.

கேஸ் தோம்புகள் (சிலிண்டர்கள்) வெளிக்கூண்டுக்குப் போய்விட்டன. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். பழைய இடத்தில் தோம்பு தரை வடிகாலுக்கு அருகிலேயே இருந்தது. புதிய கூண்டின் காற்றுத் துளைகள் அடிமட்டத்தில் இருக்கின்றன. அவற்றின் முன்னால் அரிசி மூட்டையோ அட்டைப்பெட்டியோ வைக்கவேண்டாம்.

நூறு பேருக்கு 10 கிலோ அரிசி, சாம்பாருக்கு 3 கிலோ பருப்பு. சைவமாகவே சமைக்கிறோம், வருகிறவர்களில் பலர் இந்துக்கள், சனிக்கிழமை விரதக்காரர்களும் உண்டு. சோற்றை 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்து வழங்குங்கள். ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் மீந்த சோற்றை மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது. கரண்டி பிடிக்கிறவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டு, உணவு கையாளும் பயிற்சியும் முடித்திருக்கவேண்டும். ஊசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு நம் அடுப்பில் சமைத்ததைக் கொடுப்பதில்லை. உறை பிரிக்காத அரிசி, பருப்பு, ஹலால் முத்திரையுள்ள எண்ணெய், பிஸ்கட் ஆகியவை பையாகப் போகின்றன. எந்தப் பையிலும், எந்தப் பொட்டலத்திலும் சுவிசேஷக் கைப்பிரதி வைப்பதில்லை என்பது குழுவின் ஒருமித்த முடிவு. பசியோடு வருகிறவர் எதற்கும் தலையசைக்க வேண்டிய கட்டாயத்தில் நிற்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை தொட்டி வழிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். பெயர்ப்பட்டியல் மண்டபக் கதவில் ஒட்டியிருக்கிறது. கையுறையும் வாளியும் சமையற்கூடத்தில் உள்ளன.

திருப்பணிக் குழுவினர்