எல்.என்.பியை மாற்றாதே மச்சான், திருப்பு

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

மச்சான்,

உன் குரல்பதிவு கேட்டேன், படங்களும் பார்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றது பெரிய நிம்மதி. நீ கொட்டாஞ்சேனைக்குப் போனபின் எங்கள் பக்கம் தலைகாட்டுவதே இல்லை என்று நெட்டையன் சொல்லித் திரிகிறான், அவனுக்கு நீயே பதில் சொல்லிக்கொள். பெரியக்காவின் மகளுக்கு மொரட்டுவையில் இடம் கிடைத்துவிட்டது. மிச்சப் புதினம் நேரில் பேசலாம்.

இப்போது டிஷ், அதாவது அம்மாவின் ரீவியில் படம் வராமல் கறுப்பாக நிற்கும் விஷயம். டிஷ் பூட்டிய அந்தப் பையனுக்கு இனிமேல் ஒரு சதமும் கொடுக்காதே. புது ரிசீவரும் வேண்டாம், புது எல்.என்.பியும் (டிஷ்ஷின் முன்னால் நீட்டி நின்று அலையைப் பிடிக்கும் சிறு தலை) வேண்டாம். உன் படங்களிலேயே மூன்று பிழை பளிச்சென்று தெரிகிறது, மூன்றும் காசில்லாமல் திருத்தக்கூடியவை.

முதலில் ரிசீவர் மெனு. எல்.என்.பி வகை என்ற இடத்தில் 10600 என்று தனியாக நிற்கிறது. டிஷ்ஷில் மாட்டியிருப்பதோ யுனிவர்சல் எல்.என்.பி, அதன் முதுகில் 9.75, 10.6 என்று இரண்டு எண்ணும் அச்சிட்டிருப்பது படத்தில் தெரிகிறது. அதற்குள் இரண்டு உள் அதிர்வெண்கள் இருக்கின்றன. செய்மதியிலிருந்து வரும் அதிர்வெண்ணில் உள் அதிர்வெண்ணைக் கழித்து மிச்சத்தைத்தான் கேபிளில் இறக்கும். அந்த மிச்சம் 950க்கும் 2150 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் இருந்தால்தான் ரிசீவரால் பிடிக்க முடியும். அம்மா பார்க்கும் இந்திய இலவசச் செய்மதிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15இலிருந்து. அதில் ஒரு அதிர்வெண் 11470. 9750ஐக் கழித்தால் 1720, சரியாக நடுவில் விழுகிறது. 10600ஐக் கழித்தால் 870, ரிசீவர் எட்டிக்கூடப் பார்க்காது. எல்.என்.பி 1720இல் அனுப்புகிறது, ரிசீவர் 870இல் தேடுகிறது. அம்மாவின் திரை இப்போது கறுப்பாக நிற்பதற்கு இதுதான் காரணம். முதல் கிழமை கொஞ்சம் படம் வந்தபோது மெனு இப்படி இருந்திருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பிளைண்ட் ஸ்கேன், அதாவது நாம் அதிர்வெண் கொடுக்காமல் ரிசீவரையே தேடவிடும் ஸ்கேன், போட்டுப் பார். சனல்கள் வந்து, ஆனால் அதிர்வெண் எல்லாம் 850 கூடுதலாக, அதாவது 11470 இருக்க வேண்டிய இடத்தில் 12320 என்று காட்டினால், எல்.என்.பி நல்லாகவே வேலை செய்கிறது, மெனுதான் பிழை என்று அர்த்தம். 10600க்கும் 9750க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 850. இரண்டு மூன்று மெகாஹெர்ட்ஸ் மட்டும் விலகினால் அது வேறு கதை: மலிவு எல்.என்.பி வெயிலில் சூடாகி நகர்ந்திருக்கிறது. 29500 சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) உள்ள அகலமான அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே மெனுவில் இப்படி வை: எல்.என்.பி வகை யுனிவர்சல் 9750/10600, எல்.என்.பி பவர் ஆன், 22கே (ரிசீவர் கேபிளில் அனுப்பும் 22 கிலோஹெர்ட்ஸ் தொனி) ஆட்டோ, டைசெக் (பல எல்.என்.பிகளுக்கு இடையில் மாற்றும் சுவிட்ச்சுக்கானது) எதுவும் இல்லை. உன் வீட்டில் ஒரே டிஷ், நடுவில் சுவிட்ச் இல்லை, ஆகவே டைசெக்கில் ஏ, பி என்று எதையும் தொடாதே. 22கேயை மட்டும் ஒருபோதும் ஆனில் நிறுத்தாதே. அந்தத் தொனி கேபிளில் ஏறினால் எல்.என்.பி 10600க்குத் தாவிவிடும், நீ மெனுவை எவ்வளவு திருத்தினாலும் 11470 கிடைக்காது.

இரண்டாவது பிழை நுணுக்கமானது. சனல் பட்டியலில் 11470ஐ ஹொரிசொன்டல் என்று மாற்றி வைத்திருக்கிறான். அது வெர்ட்டிகல். இரண்டும் அலை ஆடும் திசையின் பெயர்கள், ஒன்று நிலைக்குத்து, மற்றது கிடை. வெர்ட்டிகலுக்கு ரிசீவர் 13 வோல்ட் அனுப்பும், ஹொரிசொன்டலுக்கு 18. அவன் ஏன் மாற்றினான் என்று எனக்கு விளங்குகிறது: மாற்றியதும் கொஞ்சம் படம் வந்திருக்கும். முதல் கிழமை கட்டங்கட்டமாக வந்தது என்று நீ சொன்னது அதுதான். அப்படி வந்ததற்குக் காரணம் மூன்றாவது பிழை. மச்சான், நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

எல்.என்.பியின் கழுத்தில் உள்ள பூச்சியக் கோடு நேராக மேலே நிற்கிறது. இந்திய வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் பூச்சியத்தில் வைத்து இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பார்கள். டெல்லியில் அது ஓரளவு ஓடும், அங்கே தேவையான சரிவு ஏறத்தாழ 27 பாகைதான். சென்னைக்கு வந்தால் 45. யாழ்ப்பாணத்தில் 54. கொழும்பில் 63! பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க, பக்கவாட்டில் நிற்கும் செய்மதிகளுக்கு எல்.என்.பியைக் கூடுதலாகச் சரிக்க வேண்டும். 63 பாகை சரிக்க வேண்டியதைப் பூச்சியத்தில் விட்டால், எல்.என்.பிக்குள் அலையைப் பிடிக்கும் இரண்டு ஊசிகளில் வெர்ட்டிகல் ஊசிக்குக் கிடைப்பது வரும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிச்சம் ஹொரிசொன்டல் ஊசிக்குப் போய்விடும். அதனால்தான் ஹொரிசொன்டல் என்று பொய் சொன்னதும் படம் எட்டிப் பார்த்தது. ஒரு மழை வந்தால் போய்விடும், மறுபடி ஸ்கேன் போட்டால் பட்டியல் வெர்ட்டிகலுக்குத் திரும்பி எல்லாம் மறையும். இந்த ஒரு திருகலைச் செய்யாததால் நம்மூரில் எத்தனை வயதானவர்கள் நல்ல எல்.என்.பியை எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எந்தப் பக்கம் திருப்புவது? டிஷ்ஷின் முதுகுப் பக்கம் நின்று செய்மதியைப் பார். கிழக்குச் செய்மதிக்கு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கேபிள் மாட்டும் வாய் இப்போது கடிகாரத்தின் 6 மணியில் இருக்கிறது, அது 4 மணிக்கு வர வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் 8 மணி. பிடியின் ஆணியை அரைச் சுற்று மட்டும் தளர்த்து. ஐந்து பாகை திருப்பு, கையை எடு, மூன்று நான்கு விநாடி பொறு, ரிசீவர் அவ்வளவு நேரம் எடுக்கும். அம்மாவை ரீவி முன்னால் உட்கார வைத்து, கீழே இருக்கும் குவாலிட்டி எண்ணை மட்டும் வாசிக்கச் சொல். மேலே உள்ள ஸ்ட்ரெங்த் 85 என்று காட்டுகிறதே என்று நீ சந்தோஷப்பட்டாய். டிஷ்ஷை மதிலுக்குத் திருப்பினாலும் அது ஏறத்தாழ அப்படியே காட்டும். எல்.என்.பிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 63 கணக்கில் வருவது, ஆகவே 55இல் தொடங்கி 70 வரை போய், குவாலிட்டி உச்சம் தொட்ட இடத்துக்குத் திரும்பி வா. பிறகு எல்.என்.பியை முன்னும் பின்னும் சில மில்லிமீற்றர் நகர்த்திப் பார், அதிலும் கொஞ்சம் கூடும்.

இதெல்லாம் முடியும்வரை டிஷ்ஷின் திசையைத் தொடாதே. பிழையாகத்தான் என்றாலும் படம் வந்திருக்கிறது, அப்படியானால் திசை கிட்டத்தட்ட சரி. தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் மார்க்கர் பேனாவால் இப்போதைய இடத்தில் கோடு போட்டுக்கொள். கொழும்பிலிருந்து 93.5க்குத் திசை 116 பாகை, கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில். ஏற்றம் 72 பாகை, தலைக்கு மேலே என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் உன் பல்கனியில் மேல்மாடி ஸ்லாப் மறைக்கிறதா என்று கட்டாயம் பார். டிஷ்ஷுக்கும் ஸ்லாப்புக்கும் 2.4 மீற்றர் இடைவெளி என்றால், விளிம்பிலிருந்து 78 சென்டிமீற்றருக்கு மேல் உள்ளே போகவே கூடாது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசிக் கிழமையிலும் காலை 11 மணியை ஒட்டிச் சூரியன் அந்தச் செய்மதிக்கு நேர் பின்னால் வரும். அந்த நேரம் டிஷ்மேல் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. அதே நாட்களில் சில நிமிடம் படம் உடையும், பயப்படாதே.

திருப்பிய பிறகும் ஸ்ட்ரெங்த் பூச்சியமாக இருந்தால்தான் கேபிளைச் சந்தேகப்படு. நெட்டையனிடம் மல்டிமீற்றர் இருக்கிறது. கேபிளைக் கழற்றியபின் ரிசீவரை மறுபடி போட்டு, எல்.என்.பி பக்கத்து முனையில் நடுக் கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையில் அளந்தால் வெர்ட்டிகலில் 13, ஹொரிசொன்டலில் 18 காட்ட வேண்டும். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரைத் திறந்து பார், கடற்காற்று முதலில் தின்பது அதைத்தான். செம்பு பச்சை பிடித்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டு. நடுக் கம்பி கனெக்டர் வாயைவிட 2 மில்லிமீற்றர் வெளியே நிற்கட்டும், பின்னல் இழை ஒன்றும் அதில் தொடக்கூடாது. கேபிள் வாய் சரிந்து நிற்பதால் மழைநீர் உள்ளே போகப் பார்க்கும், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்று. வினாகிரி மணக்கும் சிலிக்கனைப் பூசாதே, அது செம்பை அரிக்கும்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கனெக்டரைக் கழற்றுமுன் ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு. ரிமோட்டால் அணைத்தால் போதாது, கம்பி தொட்டுக்கொண்டால் உள்ளே கருகும். மற்றது, பல்கனிச் சுவருக்கு வெளியே உடம்பைச் சாய்க்காதே. ஆறாம் மாடி அது. கை எட்டாவிட்டால் டிஷ்ஷைத் தாங்கியோடு கழற்றி உள்ளே எடுத்து, எல்.என்.பியைத் திருப்பி, போட்ட கோட்டிலேயே திரும்பப் பூட்டு. தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடு. அம்மாவின் டிடி தமிழ்க் கச்சேரி ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை.

சனிக்கிழமை நெட்டையன் மல்டிமீற்றரோடு வருவான், 10 மணிக்கு வீட்டில் நில். டிஷ் 60 சென்டிமீற்றரா 90ஆ என்று அளந்து சொல். இந்திய நிலப்பரப்பை நோக்கி விடும் கற்றை அது, கொழும்பில் 60ஐ நான் நம்பமாட்டேன். திருப்பியபின் 11170, 11470 இரண்டிலும் குவாலிட்டி எவ்வளவு என்று எழுதி அனுப்பு, மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மச்சான்