மலாவிக்குப் புறப்படும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன வாரம் நீ போனில் அழுததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, சபையில் வழியனுப்பு ஜெபமும் முடிந்துவிட்டது. இந்த நேரம் பார்த்துப் பெரியவன், “நான் வரலை, ஆச்சிகூட இருந்துக்கிறேன்” என்கிறான். “பிள்ளைக்கு ஊழியப் பாரமே இல்லையே அக்கா, நாங்க எங்கயோ தப்புப் பண்ணிட்டோமா?” என்று கேட்டாய். எனக்குப் பேச வரவில்லை. எழுதினால்தான் கோர்வையாக வரும். நீ சரி என்றதால் இங்கேயே போடுகிறேன். உங்களை அனுப்புகிற சபை மக்களும் படிக்கட்டும்.

மிஷனெரியாகப் போகிற அழைப்பு உனக்கும் மாப்பிள்ளைக்கும் வந்தது. இரண்டு வருஷம் ஜெபித்து, உபவாசம் இருந்து, சபைப் போதகர் ஐயரிடம் பேசி முடிவெடுத்தீர்கள். பத்து வயதுப் பையனுக்கு அந்த இரண்டு வருஷம் கிடைக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது அவனிடம் சொன்னீர்கள், அவ்வளவுதான். அவன் வரமாட்டேன் என்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. அவனுக்கு ஸ்கூல் இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது, ஆச்சி இருக்கிறாள். அதையெல்லாம் விட்டுவிட்டு வருவது அவனுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை நஷ்டம் என்று ஒத்துக்கொண்டு அவனோடு உட்கார். “இயேசப்பாவுக்காகத்தானே” என்று உடனே வாயை அடைத்துவிடாதே.

நான் அடைத்தேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன்.

2008-ல் நாங்கள் மலாவியில் உள்ள ஜோம்பாவுக்கு ஊழியத்துக்குப் போனபோது மூத்தவளுக்கு எட்டு வயது. ஒரு வருஷம் கழித்து, தமிழும் வேண்டும், நம் பாடத்திட்டமும் வேண்டும் என்று அவளை ஊருக்கு அனுப்பி ஒரு ஹாஸ்டலில் சேர்த்தோம். மிஷனெரி பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். எல்லாரும் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாதம் ஒரு கடிதம் வரும். ஒருமுறை, “இயேசப்பா என்னைப் பார்த்துக்கொள்கிறார். அம்மா, நீங்கள் தைரியமாக ஊழியம் செய்யுங்கள்” என்று எழுதியிருந்தாள். எங்கள் ஊழியத்தைத் தாங்குகிற குடும்பங்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் அந்த வரியை அப்படியே போட்டோம். எத்தனையோ பேர் வாசித்து அழுததாகப் பதில் எழுதினார்கள். அந்த மாதம் காணிக்கையும் கூடுதலாக வந்தது.

இரண்டாம் வருஷ லீவுக்கு ஜோம்பாவுக்கு வந்தாள். வந்த அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று, “அம்மா, தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டாள். குடியேன்டி என்றேன். மறுநாளும் கேட்டாள். கட்டிலில் உட்காரவும் கேட்டாள். பாத்ரூம் போகவும் கேட்டாள். நாலாம் நாள் ராத்திரி கொசுவலைக்குள் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாக விசாரித்தேன். அந்த வரியைப் போர்டில் எழுதிப்போட்டு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து எழுதச் சொன்னார்களாம். எழுதி முடித்ததும் வார்டன் வாங்கிப் பார்ப்பாராம். “ஒருவாட்டி வயிறு வலிக்குதுன்னு எழுதுனேன். அதைக் கிழிச்சுட்டாங்க. அம்மா அப்பா ஊழியம் கெட்டுப்போகும்னு சொன்னாங்க.”

அவளைத் திரும்ப அனுப்பவில்லை. அங்கேயே பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். தமிழை வீட்டில் நானே சொல்லிக்கொடுத்தேன். இப்போது வேலைக்குப் போகிறாள், என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நான் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “வார்டன் போர்டுல எழுதினதை மட்டும் விட்டுடாதம்மா” என்றாள்.

நாம் ஞாயிறு பள்ளியில் டேவிட் லிவிங்ஸ்டன் கதை கேட்டு வளர்ந்தோமே, நீ இறங்கப்போகிற ப்ளான்டயர் ஊருக்குப் பேரே ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த ஊரின் பேர்தான். அவர் மனைவி மேரியைப் பற்றி யாராவது நமக்குச் சொன்னார்களா? அந்த அம்மா ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மிஷனெரி மகள். 1852-ல் கேப் டவுனில் மேரியையும் நான்கு பிள்ளைகளையும் பிரிட்டனுக்குக் கப்பலேற்றிவிட்டு லிவிங்ஸ்டன் உள்நாட்டுப் பயணம் போனார். மறுபடி அவர்கள் சந்தித்தது 1856 டிசம்பரில். நாலரை வருஷத்துக்கு மேல். கையில் பணம் இல்லை, கணவர் வீட்டாரோடு ஒத்துப்போகவில்லை, அந்த அம்மாவுக்கு அது அந்நிய நாடு. கடைசியில் 1862-ல் பிள்ளைகளை விட்டுவிட்டு சாம்பேசி ஆற்றுக்குக் கணவரைத் தேடி வந்தார். மூன்றே மாதம். ஏப்ரல் 27-ம் தேதி ஷுபாங்காவில் காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்காமல் போய்விட்டதே என்று லிவிங்ஸ்டனே வருந்தி எழுதியிருக்கிறார். நான் இதையெல்லாம் ஜோம்பாவுக்குப் போன பிறகுதான் படித்தேன். அதற்குப் பின் எனக்கு மேரியம்மாதான் நெருக்கம்.

சரி, ஊழியத்துக்கு வருகிறேன். நீ போகிற தேசத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். சபை மக்கள் உன்னைவிட நன்றாகப் பாடுவார்கள், உன்னைவிட நேரம் ஜெபிப்பார்கள். முதல் வருஷம் எனக்கு, நாம் எதற்கு வந்தோம் என்றே குழம்பிப்போனது. தெருவில் “அம்வென்யே” என்பார்கள். இந்தியர் என்று அர்த்தம். குஜராத்திகள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பதால், உன்னைப் பார்த்ததும் கடை எங்கே என்றுதான் கேட்பார்கள். கோபப்படாதே.

அந்தக் குழப்பத்தில் எனக்குக் கைகொடுத்தது நம் ஊர்க்காரர் ஒருவர். வெள்ளாளன்விளை அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்னால் நின்றவர், பிறகு தோர்ணக்கல் பேராயர். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் உழைப்புக்கும் தியாகத்துக்கும் நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அன்று அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று நாம் உட்காருகிறோம், தங்கச்சி. அங்கேயுள்ள போதகருக்குக் கீழே வேலை செய். அவர் சொல்வது உனக்குப் பிடிக்காவிட்டாலும் முதல் இரண்டு வருஷம் செய். சிச்சேவா பாஷையை வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் படிக்காதே, சந்தையில் படி. பெண்களை “அமாயி” என்று கூப்பிடுவார்கள். நம் அம்மா மாதிரியே காதில் விழும். அதில் ஆரம்பி.

யார் யாருக்கு ஊழியம் செய்தார்கள் என்பது எனக்கு விளங்கியது 2014-ல், உன் பெரியப்பா, அதாவது என் அப்பா, இறந்த அன்றைக்கு. ராத்திரி போன் வந்தது. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். அடிஸ் அபாபா, மும்பை, அப்புறம் ஊர் என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் போய்ச் சேர முடியாது. உன் அத்தான் வேறு தலைநகர் லிலாங்வேயில் இருந்தார். காலையில் பக்கத்து வீட்டு அம்மா முட்டை கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். பத்து மணிக்கு சபைப் பெண்கள் சங்கமான ம்வானோவிலிருந்து இருபது பேருக்கு மேல் வந்தார்கள். சோபாவைத் தூக்கி வெளியே வைத்தார்கள். பாய் விரித்து, காலை நீட்டி, சுவரோரமாக உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒருத்தி ஒரு சின்னக் கூடையில் மக்காச்சோள மாவு கொண்டுவந்திருந்தாள். அது மழைக்காலம், களஞ்சியம் காலியாகிப் பட்டினி கிடக்கிற மாதம். அவள் வீட்டில் எவ்வளவு மாவு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம் ஊரில் நாலு மணி என்றால் அங்கே பகல் பன்னிரண்டரை. கடிகாரத்தைப் பார்த்து, “இப்போ எங்கப்பாவை எடுக்கிறார்கள்” என்றேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவி பாட்டெடுத்தாள். வார்த்தை சிச்சேவா, ராகம் நம் பாமாலை ராகம். அப்பாவை எடுக்கும்போது நம் கோவிலில் பாடுகிற அதே ராகம். அன்று ராத்திரி ஏழெட்டுப் பேர் என்னோடே அந்தப் பாயில் படுத்தார்கள்.

இதை நான் ஜெபக் கடிதத்தில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. கொடுக்க வந்தவள் வாங்கிக்கொண்டேன் என்று எழுதினால் தாங்குகிற குடும்பங்கள் என்ன நினைக்கும் என்று பயந்தேன். நீ எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. சபை மக்களே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். இவர்கள் லீவில் வரும்போது பிள்ளைகளை மேடையில் ஏற்றி ஆப்பிரிக்கப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் முடிகிறவரை நில்லுங்கள்.

காய்ச்சல் என்றால் காலையில் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரியும் தள்ளாதே. உடனே மலேரியா டெஸ்ட் எடு. மாத்திரை மூன்று நாளுக்கு ஆறு வேளை. பாலோ எண்ணெய் சேர்ந்த சாப்பாடோ வயிற்றில் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் தெம்பு வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதே. புளி நிறைய எடுத்துக்கொள். நெத்திலிக் கருவாடு வேண்டாம், ஏரியில் பிடிக்கிற உசிப்பா கருவாடு கிடைக்கும், ஏறக்குறைய அதே ருசி. அப்புறம் அங்கே கதவைத் தட்டமாட்டார்கள், வாசலில் நின்று “ஓடி! ஓடி!” என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே வரலாமா என்று அர்த்தம். என் சின்னவன் முதல் வாரம் அதைக் கேட்டு, யாரோ ஓடச் சொல்கிறார்கள் என்று பின்வாசல் வழியாக நிஜமாகவே ஓடிவிட்டான். உன் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவை. பெரியவன் சிரிப்பான்.

சாமான்களையெல்லாம் விற்கிறாய் என்று சித்தி சொன்னாள். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் போகட்டும். அவன் சைக்கிளை மட்டும் விற்காதே. சனிக்கிழமை உன் அத்தானை அனுப்புகிறேன், எங்கள் வீட்டு மச்சில் இடம் இருக்கிறது. பூட்டுச் சாவியை அவனே வைத்துக்கொள்ளட்டும். செயினுக்கு மாதாமாதம் எண்ணெய் போடுவேன் என்று பெரியம்மா சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா