டிபிஎஃப் லைட் எரியுதுன்னு எழுதின சேகருக்கு

டேய் சேகர்,

உன் லெட்டர் கிடைச்சுது. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளா, இனிமே நீ உக்கார்ற கதையே இல்ல. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், ஒர்க்‌ஷாப்ப இப்ப பையன்தான் பாத்துக்கிறான், நான் ஒரு சேர் போட்டு உக்காந்து குறை சொல்லிட்டு இருக்கேன், அதுவே முழுநேர வேலையா இருக்கு.

சரி உன் வண்டி விஷயம். டிபிஎஃப், அதாவது டீசல் வண்டி புகையில வர்ற கரியப் புடிக்கிற ஃபில்டர், அதோட லைட் எரியுது, பிக்கப் கொறஞ்சு போச்சு, யாரோ கழட்டி பிரஷர் வாஷர்ல அடிச்சா பளிச்னு ஆயிடும்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்க. அத மட்டும் செஞ்சுடாதடா. உள்ள அடைச்சிருக்கறது கரியா சாம்பலான்னு தெரியாம அந்த ஃபில்டர்ல கைய வைக்கவே கூடாது.

உள்ள தேன்கூடு மாதிரி செராமிக்ல ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன குழாய் இருக்கும், ஒண்ணு விட்டு ஒண்ணு ஒரு பக்கம் மூடியிருக்கும், அதனால புகை பக்கத்துச் சுவர் வழியாத்தான் நுழைஞ்சு வெளிய போகணும், கரி அந்தச் சுவர்லயே நின்னுடும். நின்ன கரி எரிஞ்சுடும். நல்ல லோடுல ஓடும்போது சைலன்சர் சூட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா எரியும், பத்தலன்னா இன்ஜினே கூடுதலா டீசல் விட்டு ஏறக்குறைய 600 டிகிரிக்கு ஏத்தி எரிச்சுக்கும், அதத்தான் ரீஜென்னு சொல்றோம். ஆனா இன்ஜின் ஆயில்ல இருக்குற கால்சியம், துத்தநாகம் மாதிரி சேர்மானம் எரிஞ்சு வர்ற சாம்பல் எத்தன டிகிரி ஏத்தினாலும் போகாது, அத கழட்டித்தான் எடுக்கணும்.

நீ ரிட்டையர் ஆனப்புறம் வண்டி கடைக்கும் கோயிலுக்கும்தான் போகுதுன்னு நீயே சொல்ற. சூடு ஏறுறதுக்குள்ள ஆஃப் பண்ணிடற, பாதி ரீஜென்ல நின்னு போகுது, அதனால எனக்கு கரி மேலதான் சந்தேகம். லைட் மட்டும் எரியுதுன்னா ஹைவேல ஒரு கியர் கொறச்சு, 2000 ஆர்பிஎம்முக்கு மேல வச்சு இருபது நிமிஷம் போல நிக்காம ஓட்டிப் பாரு. லிம்ப் மோடுக்கே, அதாவது இன்ஜின் தன்னக் காப்பாத்திக்க பவரக் கொறச்சுக்கற நிலைக்கே, போயிடுச்சுன்னா ஓட்டி சரியாகாது, வண்டி கம்ப்யூட்டர படிக்கிற ஸ்கேனர் போட்டு பாக்கணும். அப்பவும் எடுத்த எடுப்புல ஃபோர்ஸ்டு ரீஜென், அதாவது வண்டிய நிறுத்தி வச்சு ஸ்கேனர் மூலமா ரீஜென் பண்ண வைக்கறது, அத போட விடாத. கரி அளவுக்கு மீறி இருந்தா மொத்தமா பத்திக்கிட்டு 1000 டிகிரிய தாண்டிடும், செராமிக்கே விரிசல் விட்டுடும். கரி எவ்வளவுன்னு முதல்ல பாத்துட்டு, கம்பெனி சொல்ற அளவுக்குள்ள இருந்தா மட்டும்தான் போடணும், அதுவும் வெட்டவெளில, கீழ காஞ்ச புல்லு, பேப்பர், எண்ணெய்த் துணி எதுவும் இல்லாம. ஷெட்டுக்குள்ள கதவ சாத்திட்டு யாரும் போட்டா நீ அங்க நிக்காத, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு விஷம், அதுக்கு வாசனையே கிடையாது.

இன்னொண்ணு, ஆயில் டிப்ஸ்டிக்க உருவிப் பாரு. ரீஜென் பாதில பாதில நின்னுச்சுன்னா டீசல் ஆயில்ல இறங்கி லெவல் ஏறியிருக்கும். லெவல் ஏறினா சந்தோஷப்படாத, உடனே ஆயில மாத்து, லோ சாப்ஸ் ஆயிலா பாத்து ஊத்து, அதுல சாம்பல் கம்மி. அப்புறம் ஃபில்டருக்கு முன்னாடி பின்னாடி அழுத்தத்த அளக்கற பிரஷர் சென்சருக்குப் போற ரெண்டு ரப்பர் ஹோஸும் விரிசல் விட்டிருக்கான்னு பாக்கச் சொல்லு. ஹோஸ் கிழிஞ்சதுக்கு ஃபில்டர கழட்டின கூத்தெல்லாம் இங்க நடந்திருக்கு. ஈஜிஆர் (புகைய கொஞ்சம் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற வால்வு), இன்ஜெக்டர், டர்போ ஆயில் லீக் இதுல எது கெட்டிருந்தாலும் நீ க்ளீன் பண்ணது திரும்ப அடைச்சுக்கும்.

சாம்பல்தான்னு ஆயிட்டா இதுக்குன்னே மெஷின் வச்சிருக்கறவங்ககிட்ட குடு. மூடின கேபினெட்டுக்குள்ள வச்சு புகை வெளிய போற பக்கத்துலேர்ந்து உள்பக்கமா காத்தடிச்சு, தூசிய ஹெப்பா ஃபில்டர் வச்ச வாக்யூம் உறிஞ்சி எடுத்துடும். அடம் புடிச்சா அடுப்புல மெதுவா சூடேத்தி, மெதுவா ஆறவிட்டு, திரும்ப காத்து. முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு, காத்து எவ்வளவு தாராளமா போகுதுன்னு டெஸ்ட் பண்ணிக் காட்டணும், காட்டலன்னா வேற ஆளப் பாரு. தண்ணில செய்யற மெஷினும் இருக்கு, அது வேற. பிரஷர் வாஷர்ல அடிச்சா சாம்பல் நனைஞ்சு குழாய்க்குள்ள கட்டி தட்டிப்போகும், மேல பூசியிருக்குற கேட்டலிஸ்ட் கோட்டிங்கும் போகும், அந்தக் கறுப்புத் தண்ணி சாக்கடைக்குப் போகவும் கூடாது. பெட்ரோல், தின்னர், ஆசிட் எதுவும் கிட்டயே வேணாம், பெட்ரோலோ தின்னரோ மிச்சம் இருந்தா அடுத்த ரீஜென்ல பத்திக்கும். சுத்தியால தட்டறதும் கூடாது.

கழட்டறப்ப நீ பக்கத்துல நின்னேன்னா, நல்லா ஆறினப்புறம் தொடச் சொல்லு, துணி மாஸ்க் பத்தாது, நுண்ணிய தூசிய தடுக்கற பி100 மாதிரி சரியான ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, கிளவுஸ். வீட்டு வாக்யூம் கிளீனர்ல உறிஞ்சினா நுண்ணிய தூசி பின்னாடி வழியா ரூம் முழுக்க வந்துடும். டீசல் புகை கேன்சர் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2012ல உறுதியாவே சொல்லிடுச்சு. நம்ம காலத்துல கரும்புகை தள்ளினாத்தான் வண்டி இழுக்குதுன்னு பெருமையா பின்னாடியே நிப்போம், ஞாபகம் இருக்கா? அதனாலதான் ஃபில்டர குடைஞ்சு எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டித் தரேன்னு எவனாவது சொன்னா எனக்கு கோவம் வருது. நிறைய நாட்டுல அது சட்டப்படி தப்பும்கூட.

திரும்ப மாட்டறப்ப புது கேஸ்கெட் போடச் சொல்லு, ஸ்கேனர்ல சாம்பல் கணக்க ரீசெட் பண்ணச் சொல்லு, இத மறந்துடுவாங்க, அப்புறம் ஃபில்டர் சுத்தமா இருந்தும் லைட் எரியும்.

இப்போதைக்கு நீ ஸ்கேன் எடுத்து, ஐடில்ல டிஃபரன்ஷியல் பிரஷர் (ஃபில்டருக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) எவ்வளவு, 2500 ஆர்பிஎம்ல எவ்வளவு, கடைசி ரீஜென் முடிஞ்சு எத்தன கிலோமீட்டர் ஆச்சு, இந்த மூணையும் போட்டோ எடுத்து அனுப்பு. பையனும் நானும் பாத்துட்டு சொல்றோம். தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
ராஜு