8 யூனிட் என்று விற்ற ஃபிரிட்ஜ் 14.5 யூனிட் இழுப்பது குறித்துப் புகார்

அனுப்புநர்: சாப்பாட்டுக் கடை நடத்துவோர், ராயபுரம், சென்னை 600013
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: நான்கு கதவு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபிரிட்ஜின் அதிக மின்செலவு. தேவையில்லாமல் மூன்று முறை காஸ் (குளிரூட்டும் வாயு) ஏற்றியது

ஐயா,

பிப்ரவரியில் உங்களிடம் வாங்கிய 1,000 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 8 யூனிட் ஆகும் என்று உங்கள் கேட்டலாக் சொல்கிறது. தனியாக சப் மீட்டர் போட்டு ஏழு நாள் பார்த்தோம். சராசரி 14.5 யூனிட். யூனிட்டை 10 ரூபாயாகவே வைத்தாலும் மாதம் 1,950 ரூபாய் கூடுதல்.

இந்த 14.5 எங்கே போகிறது என்றும் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்துவிட்டோம். கம்ப்ரசர் 480 வாட், நாளில் 22 மணி நேரம் ஓடுகிறது: 10.6 யூனிட். கதவுச் சட்டத்து ஹீட்டர் 1.9, உள் ஃபேன் இரண்டும் சேர்ந்து 1.7, மிச்சம் விளக்கு. 22 மணி நேரம் ஓடும் கம்ப்ரசரை ஓய்வில்லாத கம்ப்ரசர் என்றே சொல்ல வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெட்டி 15, 16 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும்.

மூன்று முறை வந்த உங்கள் டெக்னீஷியன் மூன்று முறையும் காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டி, "சக்‌ஷன் பிரஷர் கம்மி, காஸ் இறங்கிடுச்சு" என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனார். சக்‌ஷன் பிரஷர் என்பது கம்ப்ரசருக்குத் திரும்பும் காஸின் அழுத்தம். ஒவ்வொரு தடவையும் 2,800 ரூபாய், காஸ் வாரண்டியில் வராதாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றி கூலிங் காயிலை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாங்கள் கழற்றிப் பார்த்தோம். காயிலின் கீழ்ப் பாதியில் ஃபின் இடுக்கெல்லாம் ஐஸ், விரல் தடிமனுக்கு. காயில் வழியாகக் காற்று போகாவிட்டால் உள்ளே காஸ் கொதிக்கச் சூடு கிடைக்காது. சக்‌ஷன் பிரஷர் தானாக இறங்கும். கேஜில் அது காஸ் குறைந்த மாதிரியேதான் தெரியும். ஐஸ் உருகிய பிறகு அதே கேஜை மாட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே விஷயம் தெரிந்திருக்கும்.

பெட்டியில் இருப்பது ஆர்290, அதாவது புரொப்பேன். ரேட்டிங் பிளேட்டில் 140 கிராம் என்று போட்டிருக்கிறது. காஸ் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கேபிலரி குழாய் வைத்த சிஸ்டத்தில் காஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். 20 கிராம் கூடினாலே ஹெட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் பக்கத்து அழுத்தம்) ஏறும், கரண்டும் கூடும். உங்கள் ஆள் தராசே கொண்டு வரவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு சக்‌ஷன் குழாய் கம்ப்ரசர் வரை வெள்ளையாகப் பனி பூத்து நிற்கிறது. திரவம் திரும்பி கம்ப்ரசருக்குள் போகிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டுமா? நிஜமாகவே கசிவு இருந்திருந்தால் இன்னும் மோசம். மூன்று அடுப்பு எரியும் சமையலறையில், கசிவைக் கண்டுபிடிக்காமல் எரியும் வாயுவை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐஸ் பிடித்ததற்குக் காரணம் கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கெட். பத்து ரூபாய் நோட்டைச் சட்டத்துக்கும் கேஸ்கெட்டுக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கதவுகளில் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் நோட்டு தானாகவே நழுவி விழுகிறது. கேஸ்கெட் வெறுமனே மடங்கியிருந்தால் சுடுநீரில் ஊறப்போட்டு நிமிர்த்திவிடலாம். இங்கே மூலை ஒட்டே பிரிந்திருக்கிறது, கதவும் 3 மி.மீ. தொங்குகிறது. காசிமேடு துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் அந்த இடுக்கு வழியாக எவ்வளவு ஈரக் காற்று உள்ளே போகும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

பொருத்தியதிலும் கோளாறு. உங்கள் கையேட்டில் பின்புறம் 15 செ.மீ. இடைவெளி விடச் சொல்லியிருக்கிறது. உங்கள் ஆட்களே 4 செ.மீ. விட்டுச் சாத்திவிட்டுப் போனார்கள். நாங்கள் 20 செ.மீ. நகர்த்தினோம். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்குள் போகும் காற்று 44 டிகிரியிலிருந்து 38-க்கு வந்தது, மறுநாள் கணக்கு 13.1 யூனிட். பைசா செலவில்லாத வேலை.

சட்டத்து ஹீட்டர் நான்கு கதவுக்கும் தலா 20 வாட், 24 மணி நேரமும் அணையாமல் எரிகிறது. கடலோர ஈரத்துக்குச் சட்டம் வியர்க்கும், ஹீட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. விட்டுவிட்டு எரியும் கன்ட்ரோலர் இருந்தால் போதும். கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான குழாயையே சட்டத்தைச் சுற்றி ஓட்டிய பெட்டிகள் விற்பனைக்கு இருக்கின்றன, அவற்றுக்கு இந்தச் செலவே கிடையாது. உள் ஃபேன்கள் தலா 35 வாட், ‘ஷேடட்-போல்’ (shaded pole) எனும் பழைய வகை மோட்டார். 10 வாட் இ.சி. (எலக்ட்ரானிக் கட்டுப்பாடுள்ள) மோட்டார் போட்டால் நேரடியாக 1.2 யூனிட் மிச்சம். அந்த மோட்டார் சூட்டை வெளியே தள்ள கம்ப்ரசர் இழுக்கும் அரை யூனிட்டும் அதோடு குறையும்.

கேட்டலாக் அட்டையில் "இந்தியச் சமையலறைக்கு ஏற்றது" என்று இருக்கிறது. ரேட்டிங் பிளேட்டிலோ க்ளைமேட் கிளாஸ் 4, அதாவது 30 டிகிரியில் சோதித்தது. மே மாதத்து ராயபுரத்தில் 30 டிகிரி சமையலறை எங்கே இருக்கிறது? 40 டிகிரிக்கான கிளாஸ் 5 பெட்டியைத்தான் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். கோட்டிங் போட்ட கண்டென்சர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்தும், நான்கே மாதத்தில் ஃபினைத் தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. கோட்டிங் போட்ட அலுமினியம் அப்படிப் பூக்காது.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம்: ஆறாத சாம்பாரை உள்ளே வைத்த நாட்கள் உண்டு. இப்போது வைப்பதில்லை. அதனால் மிச்சமானது அரை யூனிட்கூட இல்லை.

நான்கு கேஸ்கெட்டும் கீலும் இலவசமாக மாற்றித் தர வேண்டும். சிஸ்டத்தைக் காலி செய்து, நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்து, ஈரத்தை வடிகட்டும் புது ஃபில்டர் டிரையர் போட்டு, வேக்கம் பிடித்து, தராசில் 140 கிராம் ஏற்ற வேண்டும். கண்டென்சர், உள் ஃபேன், ஹீட்டர் கன்ட்ரோலர் உங்கள் செலவு. காஸுக்கு வாங்கிய 8,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இவ்வளவும் செய்து நாளுக்கு 9 யூனிட்டுக்குள் வராவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளாஸ் 5 பெட்டி தாருங்கள்.

கடைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று உங்கள் சேவைப் பிரிவில் போனில் சொன்னார்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அவரும் நுகர்வோர்தான். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். சப் மீட்டர் குறிப்பும் ஐஸ் பிடித்த காயிலின் படங்களும் இணைத்துள்ளோம்.

ஆள் அனுப்புவதானால் மாலை 3 முதல் 5 மணிக்குள் அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைக் காலி செய்ய முடியாது. தராசும் நைட்ரஜன் சிலிண்டரும் இல்லாமல் வருபவரைப் பெட்டியைத் தொட விடமாட்டோம்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக் கடை நடத்துவோர், ராயபுரம்