மதினிக்கு, திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் புறப்படும் முன்

அன்புள்ள மதினிக்கு,

போன வாரம் அடுப்படியில் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டே கேட்டீர்கள்: "மாசாமாசம் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு அந்தக் கோட்டைக்குப் போறியே, என்னைய மாதிரி ஆளெல்லாம் ஏற முடியுமா தாயி?" நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே, "ஞாயித்துக்கிழமை நான் போயிட்டா இங்க யாரு ஆக்குறது" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லியை ஆய ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முடியும் மதினி. மோட்டார் ஓடாத நாளில் இடுப்பில் குடத்தோடு மூன்று மாடி ஏறுகிற ஆள் நீங்கள். திண்டுக்கல் மலையில் குடமும் கிடையாது, யாரும் அவசரப்படுத்தவும் மாட்டார்கள். பாறையிலேயே வெட்டிய படிகள் இருக்கின்றன. கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. பழகினவர்கள் அரை மணியில் ஏறிவிடுவார்கள், நாம் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்வோம்.

என் முதல் ஏற்றத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சித்திரை மாதம், ஒரு குழுவோடு போயிருந்தேன். அடிவாரம் போய்ச் சேரும்போதே மணி பதினொன்று. கூட்டிப்போனவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார், இளவட்டங்கள் அவர் பின்னாலேயே ஓடினார்கள். பாதி மலையில் எனக்குக் கால் பின்னியது, கை நடுங்கியது, காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். ஒரு மதில் ஓரம் கையளவு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "உனக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா, அங்கேயே உக்காந்திரு." முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு இரண்டு வருடம் மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

திரும்ப ஏறியது அப்பாவோடு. உங்கள் மாமா ரிட்டயர் ஆன புதிதில், "ஒருதரம் அந்தக் கோட்டையைப் பாத்துட்டு வந்துரணும்" என்றார். வலது முழங்கால் அவருக்கு எப்போதும் தகராறு. இருபது படி ஏறுவார், உட்காருவார், ஒரு கதை சொல்வார். மறுபடி இருபது படி. கதை கேட்டுக்கொண்டே ஏறியதில் உச்சி வந்ததே தெரியவில்லை. எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. போன தடவை என் உடம்பில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை, என்னை நடத்திய வேகம்தான் தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் இன்றுவரை என் குழுவில் நான் கடைசி ஆளாகத்தான் நடக்கிறேன். வழி தெரிந்த ஒரு பையன் முன்னால் போவான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் என் தொப்பி கண்ணில் படும்வரை அவன் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் நான் இருப்பேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். காலை ரயிலில் போகிறோம். சோழவந்தான் கொடிக்காலும் தென்னந்தோப்பும் தாண்டி, கொடைக்கானல் ரோடு, அம்பாத்துரை, அப்புறம் திண்டுக்கல். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், வலது பக்கம் சிறுமலை கூடவே வரும். ஊர் நெருங்கும்போது பாறையைப் பாருங்கள், யாரோ திண்டு போட்டு வைத்த மாதிரி கிடக்கும். திண்டு மாதிரிக் கல், அதனால் திண்டுக்கல் என்று சொல்லுவார்கள். அடிவாரத்தில் தொல்லியல் துறையின் டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. சின்னவளையும் கூட்டி வாருங்கள், பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம்.

வெறும் பாறை, மர நிழல் அதிகம் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் கல் சூடேற ஆரம்பித்தால் மேலே வெயில், கீழே தணல். அதனால் கதவு திறக்கும் நேரத்துக்கே நிற்க வேண்டும். பங்குனி, சித்திரையில் யாரையும் நான் கூட்டிப்போவதில்லை. மார்கழி, தைதான் தோது. ஆடியில் மலைகளுக்கு நடுவே புகுந்து வருகிற காற்று ஆளையே தள்ளும்.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனால் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மேலே பாத்ரூம் வசதியை நம்பிப் போகக் கூடாது. பெண்கள் நாம் என்ன செய்கிறோம்? காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறோம். அன்றைக்கு என் கை நடுங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே மிச்சமிருந்தது. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிடுங்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் எல்லோரும் பாத்ரூம் போய்விட்டுத்தான் புறப்படுவோம், அதற்கென்றே இருபது நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு. உட்காருகிற இடத்திலெல்லாம் இரண்டு வாய். வியர்வையில் போய்விடும், பயப்படாதீர்கள்.

சேலையில் வரலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். சுடிதார் சௌகரியம். சேலைதான் என்றால் காட்டன் சேலை, கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு மட்டும் கூடவே கூடாது. அண்ணன் வாங்கிக்கொடுத்து அலமாரியில் தூங்குகிற அந்த கான்வாஸ் ஷூவை இன்றைக்கே எடுத்து, சாயங்காலம் கடைக்குப் போகும்போது போட்டுப் பழகுங்கள். புது ஷூவை மலையில் முதல் தடவை போட்டால் குதிகால் கொப்பளித்துவிடும்.

ஏறும்போது பாதம் முழுவதும் படியில் பதியட்டும். எட்டி வைக்காதீர்கள், சின்ன அடியாக வையுங்கள். என்னோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு அறுந்து அறுந்து வந்தால் உட்கார்ந்துவிடுவோம். பிரஷர் மாத்திரை பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வெயிலில் உடம்பு சில்லிடுவது, இதில் எது வந்தாலும் "பரவாயில்லை" என்று மறைக்கக் கூடாது. அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம், கோட்டை எங்கேயும் போகாது.

அப்பா சொன்ன கதைகளைத்தான் நானும் உட்காருகிற இடங்களில் சொல்கிறேன். 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டிய கோட்டை இது. 1755-இல் ஹைதர் அலி மைசூரின் ஃபௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இங்கே வந்தார். தனக்கென்று ஒரு படையை அவர் திரட்டிக்கொண்டது இந்த ஊரில் இருந்தபோதுதான். 1790-இல் கும்பினிப் படை, அதாவது வெள்ளைக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, பிடித்தது, இரண்டு வருடம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே அவர்கள் கைக்குப் போனது. இந்த வருடங்களை நான் வேகமாகச் சொல்லிவிடுவேன். நின்று சொல்வது வேலுநாச்சியாரைப் பற்றி. 1772-இல் காளையார்கோயிலில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு, சின்னப் பெண்பிள்ளையோடு இந்தப் பக்கம் வந்தவர். விருப்பாட்சியில் அடைக்கலமாக இருந்து, ஹைதர் அலியின் ஆதரவைப் பெற்று, எட்டு வருடம் காத்திருந்து 1780-இல் சிவகங்கையை மீட்டார். மதிலில் கை வைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

படிகளையும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்து, எண்ணெய் தடவிய அம்மிக்கல் மாதிரி மினுங்கும். நம் வீட்டு அம்மியை விட வழவழப்பு. ஓரத்தில் உளி கொத்திய தடம் இன்னும் சொரசொரவென்று இருக்கிறது, கால் அங்கேதான் பிடிக்கும். மேலே செங்கல் அறைகளுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று விட்டுப்போகும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள், பானை மாதிரி குளிர்ந்திருக்கும். பாறைச் சரிவில் மழைத்தண்ணீர் தேங்குகிற குளங்கள் உண்டு. தண்ணீர் பச்சையாக இருக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை. மதில் மேல் ஏறி செல்ஃபி எடுக்கவும் யாரையும் விடமாட்டேன், அதற்காக என் மேல் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

உச்சியில் ஒரு கோயில், உள்ளே சாமி இல்லை. இங்கே இருந்த சிவனும் அபிராமியும் ஊருக்குள் இருக்கிற அபிராமி அம்மன் கோயிலுக்கு இறங்கிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். வெறும் தூண்களும் காற்றும்தான். அந்த மண்டபத்தில்தான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்போம், இலையை மடித்துப் பையிலேயே கீழே கொண்டுவந்துவிடுவோம். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் பூட்டுக்குப் பேர்போன ஊர். அப்பா அங்கே உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் முழங்காலைத் தடவிக்கொண்டே மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூணை உங்களுக்குக் காட்டுகிறேன்.

இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. நேராக இறங்காமல் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக வரலாம். உங்களுக்காக அப்பாவின் கைத்தடியை எடுத்து வைத்திருக்கிறேன். கீழே வந்து முகம் கழுவிவிட்டு, சீரக சம்பா பிரியாணி. ஒருநாளாவது வேறு யாரோ ஆக்கியதை நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வருகிற ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். அண்ணன்கிட்ட பேசிவிட்டேன். மத்தியானத்துக்கு அவரே ரசம் வைத்துக்கொள்கிறாராம், பெருங்காய டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

பிரியமுள்ள,
உங்கள் நாத்தனார்